தட்டில் ஏறிய நாடகம்

குரல் வழி வந்த நாடகம் – 7

சென்ற இதழில் கிட்டப்பாவின் தனிப்பாட்டுத் தட்டுகளைப் பார்த்தோம். செங்கோட்டையில் பிறந்து, மேடையில் கொடிகட்டிப் பறந்து, 1933 டிசம்பர் 2ஆம் தேதி 27 வயதில் போய்ச் சேர்ந்தவர். பேசும்படத்தில் ஒரு காட்சியில்கூடத் தலைகாட்டவில்லை. அவர் குரலுக்கு இன்று சாட்சி அந்த இசைத்தட்டுகள்தாம். ஆனால் அவற்றில் நாடகத்தின் பாட்டு மட்டுமே இருக்கிறது. எதிரே நின்ற ஸ்திரீபார்ட் என்ன பதில் சொன்னார், பபூன் எந்த இடத்தில் குறுக்கே புகுந்தார், சபை எங்கே சிரித்தது என்பதெல்லாம் அந்த இரவுகளோடு போயிற்று.

இந்த இதழில் அடுத்த கட்டம். நடிகர்களைக் கூட்டி வைத்து, கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை பேசிப் பாடவைத்து, அதைத் தட்டில் ஏற்றிய காலம். ‘நாடக செட்’ என்று கடைக்காரர்கள் விற்றார்கள். கேட்டவர்களும் அப்படியே சொன்னார்கள். இந்தக் கதையை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமிருந்து சொல்லப் போகிறேன். கம்பெனிகள் எல்லாம் சென்னையிலும் கல்கத்தாவிலும் இருந்தபோது இந்த ஊர் எதற்கு என்று கேட்கலாம். நாடகத்தைக் காதால் கேட்டுக் கண்ணுக்குள் பார்க்கும் பழக்கம், கிராமபோன் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே வேரூன்றியிருந்தது என்பதுதான் காரணம்.

ஒரு தொண்டையில் மூன்று பேர்

அரையர் சேவை இன்றும் நடக்கும் கோயில்கள் மிகச் சில. திருவரங்கம், ஆழ்வார்திருநகரி இவற்றோடு ஸ்ரீவில்லிபுத்தூரும் அந்தப் பட்டியலில் உண்டு. மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து நாட்களில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கூம்பு வடிவக் குல்லாய், தோளில் மாலை, கையில் தாளம். வேறு வாத்தியம் கிடையாது. திரை, சீன், ஒப்பனை ஒன்றும் இல்லை. அரையர் பாசுரத்தைப் பாடுவார், அபிநயம் பிடிப்பார், பிறகு வழிவழியாக வந்த உரையைச் சொல்வார்.

அதில் ‘முத்துக்குறி’ என்று ஒரு பகுதி இருக்கிறது. திருமங்கையாழ்வாரின் திருநெடுந்தாண்டகத்தில் வரும் தாய்ப் பாசுரம் ஒன்றுதான் அதற்கு அடிப்படை. பெருமாள்மேல் காதல்கொண்டு மெலியும் மகளைக் கண்டு தாய் தவிக்கிறாள். குறிசொல்லும் கட்டுவிச்சி வருகிறாள். முத்துக்களைப் பரப்பிக் குறி பார்க்கிறாள். தாயின் பதற்றம், மகளின் நிலை, கட்டுவிச்சியின் நிதானம் மூன்றையும் ஒரே அரையர் காட்டுகிறார். வேடம் மாறுவதில்லை, குரலும் நடையும் மாறுகின்றன. யார் பேசுகிறார்கள் என்று கேட்பவருக்குக் குழப்பமே வராது.

வானொலி நாடகம் போடுகிறவர் முதலில் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்: முகம் தெரியாமல் ஆளை எப்படி அடையாளம் காட்டுவது? அரையர்கள் அந்தக் கணக்கை எப்போதோ போட்டு முடித்துவிட்டார்கள். பாசுரத்தைச் செவிவழியாகவே பாடம் பண்ணி அடுத்த தலைமுறைக்குக் கொடுத்த ஊரில், குரலை வைத்துக் கதாபாத்திரத்தைக் கண்டுகொள்வது பெரிய வித்தை அல்ல.

விடியவிடிய நாடகம்

கோயிலுக்குள் இப்படி என்றால், ஊர்ப் பொட்டலில் வேறு கதை. மதுரைக்குத் தெற்கே ராஜபாளையம், சங்கரன்கோவில் வரை கோயில் பொங்கல் என்றால் நாடகம் இருக்கும். இரவு 10 மணிவாக்கில் தொடங்கி விடியும்போது முடியும் ‘ஸ்பெஷல் நாடகம்’. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து, பபூன் வேறு எங்கிருந்தோ. ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் ஆல்ரவுண்டு என்ற தாளக் கருவித் தொகுப்பை வாசிப்பவரும் தனித்தனியாக வந்து சேருவார்கள். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. அன்று மாலைதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இரவு வள்ளியும் முருகனுமாக மேடையில் நிற்பார்கள்.

இது நடந்ததற்குக் காரணம் ஒருவர்: தூத்துக்குடிக்குப் பக்கத்திலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள் என்று அவர் எழுதிக் கொடுத்த நாடகங்கள் தென்னாட்டு நடிகர்களுக்கு எல்லாம் பொதுச் சொத்தாயின. எந்தப் பாட்டுக்கு எந்தப் பதில் பாட்டு, எந்த வசனத்துக்குப் பின் எந்த நுழைவு என்பது எல்லாருக்கும் மனப்பாடம். 1922இல் சுவாமிகள் புதுச்சேரியில் காலமானபோது, அவர் நாடகங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய நடிகர் கூட்டம் ஒன்று ஊர் ஊராக இருந்தது.

நல்லதங்காள் கதை இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அடுத்த வீட்டுக் கதை. வத்திராயிருப்பை ஒட்டிய அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. ஏழு பிள்ளைகளையும் தள்ளித் தானும் விழுந்த கிணறு என்று காட்டும் இடமும் இருக்கிறது. மானாமதுரையில் பஞ்சம் வந்து, பிள்ளைகளுக்குக் கஞ்சி கிடைக்காமல் அண்ணன் நல்லதம்பி வீட்டைத் தேடி வருகிறாள். அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி மூளியலங்காரி கதவை அடைக்கிறாள். அந்தக் கதவடைப்புக் காட்சியில் அழாத பெண்கள் கூட்டத்தில் இருக்கமாட்டார்கள். மேடையில் அந்தக் காட்சி ஒருமணி நேரம் ஓடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புலம்பல்.

இந்த ஒருமணி நேரத்தைத்தான் கிராமபோன் கம்பெனி மூன்று நிமிடத்துக்குள் கேட்டது.

குழலுக்குள் அடங்காத கூட்டம்

இந்தியாவில் கிராமபோன் கம்பெனி ஒலிப்பதிவு தொடங்கியது 1902இல், கல்கத்தாவில். 1908இல் அங்கேயே தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலையும் வந்தது. ஆனால் முதல் இருபதாண்டுகளில் நாடகம் பதிவுசெய்யத் தோதான கருவி இல்லை. பாடுகிறவர் ஒரு பெரிய தகரக் குழலின் வாய்க்கு நேரே நின்று தொண்டை கிழியப் பாடவேண்டும். அந்த அதிர்வு ஊசியை ஆட்டி மெழுகில் கோடு கிழிக்கும். மின்சாரம் கிடையாது, கூட்டிக் குறைக்க வழி கிடையாது. குழலின் வாய் ஒருவருக்குப் போதும். இரண்டு பேருக்கு நெருக்கடி. நாலு பேர் நின்றால் பின்னால் நிற்பவர் பேசியது தட்டில் விழாது. மெல்லிய பேச்சு, முணுமுணுப்பு, விம்மல் எல்லாம் வீண். சுருதி சுத்தமாக ஓங்கிப் பாடும் நாடகக்காரர்களே அந்தக் குழலுக்கு ஏற்ற ஆட்கள். அதனால்தான் முதலில் தட்டில் ஏறியவை தனிப்பாட்டுகள்.

1925ஐ ஒட்டி உலகமெங்கும் மைக்ரோபோன் வழி மின் ஒலிப்பதிவு வந்தது. அதற்குப் பிறகு ஒரு அறையில் ஐந்தாறு பேர் மைக்கைச் சுற்றி நின்று பேசலாம். ராஜபார்ட் ஓரடி முன்னே, தோழி இரண்டடி பின்னே, ஆர்மோனியம் மூலையில். தூரத்தில் நின்று பேசினால் தூரத்துக் குரல். வாயருகே வைத்துப் பேசினால் ரகசியம். மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமே என்று கத்திப் பழகியவர்களுக்கு இது புதுப் பாடம்.

இந்த இடத்தில் ஸ்பெஷல் நாடக முறை கம்பெனிகளுக்குக் கைகொடுத்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. பாடம் எல்லாருக்கும் ஒன்றே என்பதால், சென்னையில் ஒரு அறையில் வெவ்வேறு ஊர் நடிகர்களைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் முதல் நாளே வேலை நடக்கும். ஒத்திகைக்கு மாதக்கணக்கில் செலவழிக்கும் நாடக மரபாக இருந்திருந்தால் இது அவ்வளவு சுலபமாக நடந்திருக்காது.

கத்தரி வைத்த இடம்

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். நிமிடத்துக்கு 78 சுற்று. ஆறு தட்டுள்ள ஒரு செட் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 12 பக்கம், மொத்தம் 40 நிமிடம்கூட வராது. விடியவிடிய நடந்ததை அதற்குள் அடைக்கவேண்டும்.

எதை வெட்டினார்கள் என்று பார்த்தால் அந்தக் கால நாடகத்தின் எலும்புக்கூடு தெரியவரும். முதலில் போனது ‘ஒன்ஸ்மோர்’. சபை கைதட்டிக் கேட்கும்போதெல்லாம் ஒரே பாட்டை மூன்று முறை, நான்கு முறை பாடும் வழக்கம் தட்டில் செல்லாது. அடுத்து ராக ஆலாபனை. மேடையில் ராஜபார்ட் திரைக்குப் பின்னாலிருந்தே பாடத் தொடங்கிவிடுவார். ஆள் தெரியுமுன் குரல் வந்து சபையைப் பிடித்துக்கொள்ளும். காதுக்கென்றே அமைந்த நுழைவு அது. ஆனாலும் நேரமில்லாததால் சுருங்கியது. மூன்றாவதாக, பபூன். அன்றைய ஊர் நடப்பை, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மைனரை, பஞ்சாயத்து வழக்கைக் கிண்டலடித்து அவர் பேசுவது அந்த இரவுக்கு மட்டுமே உரியது. மெழுகில் பதித்து ஆறு மாதம் கழித்து வேறு ஊரில் கேட்டால் சிரிப்பு வராது. பபூன்களுக்குத் தனியாக நகைச்சுவைத் தட்டுகள் வந்தன. அது வேறு வியாபாரம்.

தாக்குப்பிடித்தவை இரண்டு. ஒன்று, தர்க்கம். வள்ளியும் நாரதரும் தினைப்புனத்தில் வாதாடுவது, வேடன் வேடத்தில் வந்த முருகனை வள்ளி மடக்குவது இவையெல்லாம் மூன்று நிமிடத்துக்குக் கச்சிதமான சரக்கு. ஒருவர் கேட்க, மற்றவர் மடக்க, முடிவில் ஒரு வெட்டு. யார் ஜெயித்தார் என்று தெரியும் நேரத்தில் ஊசி நடுவட்டத்துக்கு வந்திருக்கும். இரண்டாவது, வசனம். மேடையில் வசனம் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கட்டிய பாலமாகத்தான் இருந்தது. தட்டில் காட்சி கண்ணில் படாதே. ஆகவே இடம், ஆள், செயல் எல்லாவற்றையும் பேச்சுதான் சுமக்கவேண்டும். கதவு அடைக்கப்பட்டதை நல்லதங்காள் வாயால் சொன்னால்தான் கேட்பவருக்குத் தெரியும். ஆகவே வசனம் நீண்டது, சொல் திருத்தமானது, உச்சரிப்பு கூர்மையானது.

வீட்டில் இதைக் கேட்பதும் ஒரு வேலைதான். பெட்டிக்குச் சாவி கொடுக்கவேண்டும். பக்கத்துக்குப் பக்கம் எஃகு ஊசியை மாற்றவேண்டும். மாற்றாவிட்டால் தட்டின் கோடு தேயும். ஊசிக்கென்றே சின்ன டப்பா உண்டு. மூன்று நிமிடம் முடிந்ததும் கோவலன் பாதி வழியில் நிற்பான். தட்டைத் திருப்பிப் போடும்வரை மதுரைக்கு அவன் போய்ச் சேரமாட்டான். அந்த இடைவெளியில் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் மேலே நடக்கப்போவதைத் தாங்களே சொல்ல ஆரம்பிப்பார்கள். கதை தெரிந்தவர்களுக்காகத் தயாரான சரக்கு என்பதால் வெட்டு அவர்களுக்கு உறுத்தவில்லை. ஆகவே நாடக செட்டை மேடையின் நகல் என்று மதிப்பிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கேட்பதற்கென்றே வெட்டித் தைத்த தனி நாடகம் என்று எடுத்துக்கொண்டால்தான் அதன் அருமை புரியும்.

பாட்டுக்காரர்களும் கடைக்காரர்களும்

மேடைக்கும் தட்டுக்கும் இடையே போய்வந்து கொண்டிருந்தவர்களில் மதுரகவி பாஸ்கரதாஸ் முக்கியமானவர். மதுரையிலிருந்து நாடகப் பாட்டு எழுதினார், தேசியப் பாட்டு எழுதினார், கிராமபோனுக்கும் எழுதினார், 1931இல் வந்த ‘காளிதாஸ்’ படத்துக்கும் எழுதினார். அவர் விடாமல் எழுதிவந்த நாட்குறிப்புகளைப் பேரன் ச. முருகபூபதி தொகுத்து நூலாக்கியிருக்கிறார். அன்றைய நாடகக்காரர்களின் அன்றாடம் அந்த நூலில் இருக்கிறது. சிவகாசியில் 1886இல் பிறந்த விஸ்வநாததாஸ் மேடையில் பாடிச் சிறைசென்ற தேசியப் பாட்டுகள் பாஸ்கரதாஸ் போன்றவர்களின் கையிலிருந்து வந்தவைதாம். வள்ளி திருமணத்தில் முருகனாக நடித்துக்கொண்டிருக்கும்போதே 1940 டிசம்பர் 31ஆம் தேதி சென்னை மேடையில் விஸ்வநாததாஸ் உயிர் பிரிந்தது.

விற்பனைப் பக்கம் பார்த்தால் காரைக்குடிக்காரர் ஒருவர். ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். தந்தையின் கடையில் இசைத்தட்டு விற்றுப் பழகியவர், 1932இல் கூட்டாளிகளோடு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கினார். ‘ஓடியன்’ தட்டுகள் அந்தக் கடை வழியாகத்தான் தென்னாட்டில் பரவின. எந்தக் குரல் விலைபோகும், எந்தக் கதை எந்த ஊரில் ஓடும் என்பதைப் படம் எடுக்குமுன்பே தட்டு வியாபாரம் அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. 1935இல் அவர் எடுத்த முதல் படம் ‘அல்லி அர்ஜுனா’. நாடக மேடையில் பழுத்த கதை. படம் தோற்றது.

ஆனால் தட்டு வியாபாரியின் காது சும்மா இருக்கவில்லை. 1938இல் வந்த ‘நந்தகுமார்’ படத்தில் நடிகைக்குப் பதிலாக லலிதா வெங்கட்ராமன் என்ற பாடகியைப் பாடவைத்தார். தமிழில் பின்னணிப் பாட்டின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். 1944இல் கன்னட ‘ஹரிச்சந்திரா’வைத் தமிழ்க் குரல் கொடுத்து வெளியிட்டார், மொழிமாற்றுப் படத்துக்கு அது முன்னோடி. உடல் ஒன்று, குரல் வேறொன்று என்று பிரித்துப் பார்க்கத் துணிந்தவர் இசைத்தட்டுக் கடையிலிருந்து வந்தவர் என்பது தற்செயல் அல்ல. குரலை மட்டும் தனியாகப் பொட்டலம் கட்டி விற்றுக் காசு பார்த்தவருக்கு அந்தப் பிரிவு இயல்பாகப் பட்டிருக்கும்.

வெளியூரில் என்ன நடந்தது

இதே காலத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். லண்டனில் பிபிசி 1924 ஜனவரி 15ஆம் தேதி ஒலிபரப்பிய ரிச்சர்ட் ஹ்யூஸின் நாடகம், வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகங்களில் ஒன்று. நிலக்கரிச் சுரங்கத்துக்குள் விளக்கு அணைந்துபோய் மாட்டிக்கொண்டவர்களின் கதை. கேட்பவருக்கும் இருட்டு, கதாபாத்திரத்துக்கும் இருட்டு என்று கண் இல்லாத குறையைக் கதையிலேயே தீர்த்துவிட்டார். வங்காளத்தில் 1930களின் இறுதியில் சசீந்திரநாத் சென்குப்தாவின் ‘சிராஜ் உத் தௌலா’ நாடகம் தட்டுகளாக வந்து வீடு வீடாக ஒலித்தது. அமெரிக்காவில் பால் ராப்சன் நடித்த ‘ஒத்தெல்லோ’ 1940களில் கொலம்பியா செட்டாக வந்தது. நீண்டநேரம் ஓடும் எல்.பி. தட்டு 1948இல் வந்த பிறகு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. அதை நம்பி இங்கிலாந்தில் ஆர்கோ கம்பெனி 1957 தொடங்கி 1964க்குள் ஷேக்ஸ்பியரின் நாடகங்களை ஒரு வரி வெட்டாமல் முழுதாகப் பதிவுசெய்தது.

ஷேக்ஸ்பியருக்குக் கிடைத்தது சங்கரதாஸ் சுவாமிகளுக்குக் கிடைக்கவில்லை. அவர் நாடகங்களை ஒன்றுவிடாமல், வெட்டாமல், தேர்ந்த நடிகர்களைக் கொண்டு பதிவுசெய்ய அந்த எல்.பி. காலத்தில் யாரும் முன்வரவில்லை. நமது எல்.பி. தட்டுகள் சினிமா வசனத்துக்குப் போயின.

பூக்குழித் திருவிழாவில் தருமி

அதைக் குறைசொல்லிப் பயனில்லை. தமிழ்நாட்டில் பல நடிகர் பேசிய ஒலிநாடகம் கோடிக்கணக்கான காதுகளுக்குப் போய்ச் சேர்ந்தது அந்த வழியில்தான். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1957இல் சேலத்தில் சிவாஜி நாடக மன்றத்தின் மேடை நாடகமாக அரங்கேறியது. சக்தி கிருஷ்ணசாமி எழுதியது. 1959இல் படமாயிற்று. பிறகு அதன் வசனம் தனித் தட்டாக வந்தது. 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ வசனத் தட்டும் அப்படியே.

ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழி பங்குனியில். அந்த நாட்களில் சுற்றுப்பட்டிகளில் பொங்கல் சாட்டினால் மைக் செட் கட்டிவிடுவார்கள். வேப்ப மரத்தில் கூம்புக் குழாய். விடிந்ததும் சீர்காழியின் பிள்ளையார் பாட்டு. மாலையில் சாமி பாட்டு. நடுவில் மத்தியான வெயிலில் ஊரே சோர்ந்திருக்கும் நேரத்தில் மைக் செட்காரர் வசனத் தட்டைப் போடுவார். தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் பெண்களும், தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவரும், பருத்திக்காட்டில் நிற்பவரும் ஒரே நேரத்தில் ஒரே நாடகத்தைக் கேட்டார்கள். ராஜபாளையத்து மில்லில் இரவு ஷிப்டு முடித்து வந்து தூங்குகிறவர் திட்டியதும் உண்டு.

தருமி காட்சியைப் படம் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டுப் பாருங்கள். கோயிலுக்குள் தனியே புலம்பும் நாகேஷின் குரல் உயர்ந்து, உடைந்து, தனக்குத்தானே சமாதானம் சொல்லி அடங்கும். இறைவனாக வரும் சிவாஜியின் குரல் வேறொரு ஸ்தாயியில், அவசரமே இல்லாமல் வரும். பிறகு பாண்டியன் சபையில் நக்கீரர். அந்தக் குரல் தட்டையாக, கறாராக, மேலும் கீழும் போகாமல் நிற்கும். மூன்று குரல், மூன்று வேகம். காட்சி இல்லாத குறையே தெரியாது. நக்கீரராக நடித்தவரே படத்தின் இயக்குநர் ஏ.பி. நாகராஜன். சிறுவனாக டி.கே.எஸ். சகோதரர்களின் கம்பெனியில் சேர்ந்து பெண் வேடம் கட்டியவர். டி.கே.எஸ். சகோதரர்களோ, 1918இல் சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பயின்றவர்கள். நக்கீரரும் இறைவனும் மோதுவது அசல் நாடகத் தர்க்கம். வள்ளியும் நாரதரும் மோதிய அதே முறை. சுவாமிகளின் பாடம் சினிமா வழியாகச் சுற்றிவந்து மறுபடி தட்டில் ஏறி, வேப்ப மரத்துக் குழாயிலிருந்து இறங்கியது.

இன்றைய நடுவயதுக்காரர்கள் பலர் அந்த வசனங்களைப் பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். பாதிப்பேர் படத்தை அப்புறம்தான் பார்த்தார்கள். தமிழனுக்கு மேடைப் பேச்சில் இவ்வளவு மோகம் ஏன் என்று ஆராய்கிறவர்கள் அரசியலை மட்டும் பார்க்கிறார்கள். இந்தக் கூம்புக் குழாயையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்பேன்.

கேசட்டும் அதற்குப் பிறகும்

1980களில் கேசட் மலிந்தபோது ஸ்பெஷல் நாடகத்துக்குத் தாமதமாக ஒரு நியாயம் கிடைத்தது. பக்கத்துக்கு அரைமணி நேரம் ஓடும் நாடா. ஒரு வள்ளி திருமணத்தை இரண்டு மூன்று கேசட்டில் ஓரளவு முழுதாகக் கொடுக்கலாம். தர்க்கம் நீளலாம், ஆர்மோனியம் தன் கைவரிசையைக் காட்டலாம், பபூனும் உள்ளே வரலாம். இன்று அவற்றில் பல யூடியூபில் ஏறியிருக்கின்றன, நல்லதங்காளும் இருக்கிறாள். இலக்கியப் பக்கம் பம்பாய் கண்ணன் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலைப் பல நடிகர்களின் குரலில் முழு ஒலிநூலாகக் கொண்டுவந்தார். வெட்டாமல், அத்தியாயம் விடாமல். மூன்று நிமிடத் தட்டில் கதையைத் திணிக்கத் திணறியவர்கள் இதைப் பார்த்தால் மூக்கில் விரல் வைப்பார்கள்.

78 சுற்றில் ஓடிய பழைய ஷெல்லாக் (அரக்கு) தட்டுகளின் கதி என்ன? ஓடியன் கம்பெனி இந்தியாவில் 1912 முதல் 1916 வரையும், பிறகு 1932 முதல் 1938 வரையும் வெளியிட்டவற்றில் கிடைத்தவற்றை பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணத் திட்டத்தின் கீழ் எண்முறையில் பதிந்திருக்கிறார்கள். தட்டுகளைக் கொடுத்தவர்கள் தனிச் சேகரிப்பாளர்கள். சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் இசைத்தட்டுத் தொகுப்பு இருக்கிறது. ஆனால் நாடக செட்டுக்கு ஒரு சாபம் உண்டு: ஆறு தட்டில் ஒன்று உடைந்தால் கதையில் ஓட்டை. மூன்றாம் தட்டு ஒருவரிடம், ஐந்தாம் தட்டு வேறொருவரிடம் என்று சிதறியிருக்கும். இரண்டும் ஒரே இடத்துக்கு வந்தால்தான் நாடகம் முழுமையாகும்.

ஆகவே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய மைக் செட் கடை நடத்தியவர்கள் வீட்டு மச்சில், பரணில், தகரப் பெட்டியில் தட்டுகளும் கேசட்டுகளும் கிடக்கும். பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். கனமான பழைய தட்டாக இருந்தால் ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது. ஷெல்லாக் அதில் கரைந்துவிடும். எல்.பி. ஊசியை வைத்து ஓட்டிப் பார்க்காதீர்கள். 78க்கு அகலமான ஊசி வேண்டும். தட்டின் நடுவிலுள்ள லேபிளைத் தெளிவாகப் படமெடுங்கள்: நாடகத்தின் பெயர், பாகம் எத்தனை, நடிகர் பெயர், கம்பெனி எண். அந்தப் படத்தை ஒரு ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பினால் போதும், மீதி வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒற்றைத் தட்டுதானே என்று நினைக்காதீர்கள். யாரோ ஒருவருடைய நாடகத்தில் காணாமல் போன பாகம் அதுவாக இருக்கலாம்.

அடுத்த இதழில்: சானாவும் ‘லண்டன் கந்தையா’வும் – இலங்கை வானொலியின் நாடக அறை.

(தொடரும்)